தி நேரோ மார்ஜின் (1952): டெல்டாவில் படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் சின்னச் சின்னத் திரையிடல்களில் இந்தப் படம் ஓடி முடிந்ததும் எழும் கேள்விகளும் புகார்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. முன்பாதியில் படத்தைப் பற்றிய பதில்கள். பின்பாதி அதைப் போட்டுக் காட்டுகிறவர்களுக்கு. "திருப்பம் ஏமாற்று வேலையா?" என்பதில் தொடங்கி மூன்று பதில்களில் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும். படம் பார்க்காதவர்கள் அந்த மூன்றையும் தாண்டிப் போய்விடுங்கள்.

என்ன கதை?

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ரயில். செத்துப்போன ஒரு தாதாவின் மனைவி, அவனிடம் மாமூல் வாங்கியவர்களின் பட்டியலோடு கிராண்ட் ஜூரி முன்பு சாட்சி சொல்லப் போகிறாள். (வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழுதான் கிராண்ட் ஜூரி.) அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது வால்டர் பிரவுன் என்ற போலீஸ்காரர் வேலை. வண்டி ஏறுவதற்குள்ளேயே அவருடைய சகா ஃபோர்ப்ஸ் சுடப்பட்டுச் சாகிறார். கொலைகாரர்களும் அதே வண்டியில் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பிரவுனைத் தெரியும், அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. இந்த ஒரு 'தெரியாது'வை வைத்துக்கொண்டுதான் முழுப் படமும் ஓடுகிறது.

அமெரிக்காவில் 1950, 51-இல் செனட்டர் கெஃபாவர் தலைமையில் நடந்த விசாரணைக் குழு, தாதாக்களையும் அவர்களிடம் கை நீட்டிய அதிகாரிகளையும் கூப்பிட்டு விசாரித்தது. அது தொலைக்காட்சியிலும் வந்தது. "பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ" என்ற பயம் அன்றைய பார்வையாளர்களுக்குப் பத்திரிகையில் அன்றாடம் படித்த சமாச்சாரம். அதனால்தான் படம் அந்தப் பட்டியலைப் பற்றி நிறுத்தி விளக்குவதில்லை.

71 நிமிடம்தானா? வெட்டிய பிரதியைக் காட்டிவிட்டீர்களா?

இல்லை, முழுப்படமே 71 நிமிடம்தான். இரண்டரை மணி நேரத்துக்குப் பழகியவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம். அன்று அமெரிக்கக் கொட்டகைகளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய நடிகர் நடித்த படம் ஒன்று, கூட ஒரு சின்னப் படம். ஆர்கேஓ நிறுவனம் இதை அந்தச் சின்னப் படமாகத்தான் எடுத்தது. உங்கள் கையில் இருக்கும் பிரதி 68 நிமிடம் என்று காட்டினாலும் எதுவும் வெட்டுப்பட்டதாக அர்த்தமில்லை. அது வேகக் கோளாறு, கீழே சப்டைட்டில் கேள்வியில் விளக்கம் இருக்கிறது.

சிலர் 1950 என்கிறார்கள், சிலர் 1952 என்கிறார்களே?

இரண்டும் சரி. படப்பிடிப்பு நடந்தது 1950-இல், வெளியானது 1952-இல். அப்போது ஆர்கேஓவின் முதலாளி ஹோவர்ட் ஹியூஸ், விமானம் ஓட்டிப் பேர்வாங்கிய அதே கோடீஸ்வரர். படம் பிடித்துப்போய், இதையே பெரிய நட்சத்திரங்களை வைத்துத் திரும்ப எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டார் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். நல்லவேளை, யோசனையோடு நின்றது.

பட்ஜெட் குறைவு என்கிறீர்கள், திரையில் தெரியவில்லையே?

எடுத்தது 13 நாளில். செலவு சுமார் 2,30,000 டாலர் என்று சொல்வார்கள். ஹாலிவுட் கணக்கில் அது கைச்செலவு. தெரியாமல் போனதற்கு முதல் காரணம் கதை நடக்கும் இடம். ரயில் பெட்டி என்றாலே நாலு சுவர், ஒரு நடைவழி, வரிசையாய்க் கதவுகள். பெரிய பங்களா, கடைத்தெரு, கூட்டம் எதுவும் போட வேண்டாம். ராத்திரிக் காட்சி என்றால் ஜன்னலுக்கு வெளியே வெறும் கறுப்பு. அதற்குச் செலவே இல்லை. செட் சின்னதாக இருப்பது குறையாகத் தெரியாத ஒரே இடம் ரயில்தான், நிஜ ரயிலே நெருக்கடிதானே.

கூர்ந்து பார்த்தால் சிக்கனம் பிடிபடும். நடைவழிகள் எல்லாம் ஒரே முகமாக இருக்கும். வெளியே வண்டி ஓடும் காட்சிகளின் படத்தன்மை உள்காட்சிகளோடு ஒட்டாது. பகல் காட்சிகளில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் நிலம் கொஞ்சம் மங்கலாக, உள்ளே இருப்பவர் முகத்தில் விழும் வெளிச்சத்தோடு சம்பந்தம் இல்லாமல் இருக்கும். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு திரை கட்டி, ஏற்கெனவே ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படத்தை அதன்மேல் பின்பக்கமிருந்து ஓட்டுவார்கள். படத்தைப் படமெடுப்பதால் கூர்மை போய்விடும். அந்தக் காலத்தில் பெரிய படங்களும் செய்த வேலைதான் இது, இந்தப் படத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

வண்டி ஆடுவது அவ்வளவு நிஜமாக இருக்கிறதே, ஓடும் ரயிலில் எடுத்தார்களா?

உள்காட்சிகள் ஸ்டூடியோவில் எடுத்தவை. வழக்கமாக இப்படிப்பட்ட செட்டைச் சுருள்கம்பிகள்மேல் நிறுத்தி, ஆட்களை வைத்து ஆட்டுவார்கள். அதற்குச் செலவு அதிகம், ஒரு காட்சியை மறுபடி எடுத்தால் ஆட்டம் முன்போல அமையாது. இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ளெய்ஷர் செட்டைத் தரையோடு அசையாமல் நிறுத்திவிட்டு கேமராவை ஆட்டினார். பல இடங்களில் கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் டிஸ்கண்ட்.

கணக்காகப் பார்த்தால் இது தலைகீழ். உழவன் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து எதிர் சீட்டைப் பாருங்கள்: சீட்டு ஆடாது, ஏனென்றால் நீங்களும் அதோடு சேர்ந்து ஆடுகிறீர்கள். தொங்கும் பைதான் ஆடும். படத்திலோ சுவரும் கதவும் ஆடுகின்றன. ஆனாலும் உடம்பு ஏமாந்துபோகிறது. கேமராவை ஆட்டியவர்கள் அளவாக ஆட்டியிருக்கிறார்கள். பேச்சு முக்கியமான இடத்தில் குறைத்து, நடைவழியில் நடக்கும்போது கூட்டியிருக்கிறார்கள்.

சின்ன அறைக்குள் நடக்கும் கைகலப்பில் இந்த முறையின் லாபம் முழுசாகத் தெரியும். மூன்றாவது ஆளாக கேமராவும் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டு அடி வாங்குவது போல இருக்கும். தூரத்திலிருந்து எடுக்க அங்கே தூரமே கிடையாது.

பின்னணி இசையே வரவில்லை. ஸ்பீக்கர் கோளாறா?

கோளாறு இல்லை. இந்தப் படத்துக்குப் பின்னணி இசை போடவில்லை. அதிகம் வரும் புகார் இதுதான், ஆனால் நாலைந்து பேர் படம் முடிந்த பிறகுதான் இசை இல்லை என்பதையே கவனித்தோம் என்பார்கள். சக்கர ஓசை, ஊதல், பெட்டிகள் உரசும் சத்தம், அந்தப் பெண் தன் அறையில் போடும் இசைத்தட்டு, அவ்வளவுதான் காதில் விழுவது. அவள் இசைத்தட்டைச் சத்தமாக வைப்பதும் கதைக்கு வேண்டியதே, பக்கத்து அறையில் ஆள் இல்லை என்று நடிக்கவேண்டிய நேரத்தில் அது வயிற்றைக் கலக்கும்.

ஒரு இடத்தை மட்டும் குறித்துவைத்துப் பாருங்கள். அவள் நகத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பாள். கை முன்னும் பின்னும் போய்வரும். அந்த அசைவும் ஓசையும் அப்படியே வண்டியின் ஓட்டத்துக்கு மாறும். அவளுடைய எரிச்சலையும் வண்டியின் வேகத்தையும் ஒரே தாளத்தில் கட்டிய வெட்டு அது. மிருதங்கக்காரர்கள் நிறைந்த மாவட்டத்தில் இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

கதாநாயகன் ஏன் எல்லாரிடமும் எரிந்து விழுகிறார்?

சார்லஸ் மெக்ராவின் பிரவுனைப் பற்றி அபிப்பிராயம் இரண்டாகப் பிரியும். சிரிப்பே இல்லை, கரகரத்த குரல், மரக்கட்டை என்று ஒரு கட்சி. இவர்தான் படத்தின் முதுகெலும்பு என்று இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு ஒரு வார்த்தை: அந்த ஆள் சகாவைப் பறிகொடுத்து அரை நாள்கூட ஆகவில்லை. அதுவும் தனக்குப் பிடிக்காத ஒருத்திக்காக. எரிச்சல்தான் அவர் துக்கம். மெக்ரா அதற்கு முன்பு பெரும்பாலும் அடியாள் வேடங்களில் வந்தவர், அதனால் பணத்தைக் காட்டி இவரை மடக்கப் பார்க்கும்போது "வாங்கிவிடுவாரோ" என்ற சந்தேகம் அன்றைய ரசிகர்களுக்கு உண்மையாகவே வந்திருக்கும். அழகான கதாநாயகனைப் போட்டிருந்தால் அந்தச் சந்தேகம் செத்திருக்கும்.

அவர் காவலில் வரும் பெண்ணாக நடித்த மேரி விண்ட்சரைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அவர் திரையில் இருக்கும்வரை மற்ற யார்மேலும் கண் போகாது.

நடைவழியை அடைத்துக்கொண்டு நிற்கும் பருத்த மனிதர் சிரிப்புக்குத்தானா?

பால் மேக்ஸி நடித்த பாத்திரம். முதலில் சிரிப்புக்கு, பிறகு "இவரும் அந்தக் கூட்டமா" என்ற சந்தேகத்துக்கு, கடைசியில் அவர் யார் என்று தெரியும்போது இரண்டும் மாறும். நடைவழி எவ்வளவு குறுகல் என்பதை வசனம் இல்லாமல் காட்டவும் அவர்தான் அளவுகோல். பிரவுன் அவசரமாகப் போகவேண்டிய நேரத்தில் எல்லாம் அவர் எதிரே வருவார்.

நம்ம ஊர் ரயிலோடு ஒப்பிட்டால் அந்தப் பெட்டி எப்படி?

ஏசி முதல் வகுப்பில் போனவர்களுக்கு உடனே புரியும். ஒரு பக்கம் முழுக்க நடைவழி, மறுபக்கம் கதவு வைத்த அறைகள். இரண்டு பேர் படுக்கும் கூபேயை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரி. இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கதவு உண்டு என்பதுதான் நமக்குப் பழக்கமில்லாதது. அந்தக் கதவு இல்லாவிட்டால் இந்தக் கதையே நடக்காது: கொலைகாரர்கள் ஓர் அறையைச் சோதிக்கும்போது அவள் அடுத்த அறையில் இருப்பாள். உட்கார்ந்து சாப்பிடும் தனிப்பெட்டியும், அரட்டை அடிக்கும் தனிப்பெட்டியும் கூடவே வரும்.

அமெரிக்கத் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676. கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகும் நம் மெயின் லைனில் மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் 1000. மீட்டர் கேஜ் முதல் வகுப்பில் போன பெரியவர்கள் இந்தப் படத்தின் நெருக்கடியை எளிதாக ஒத்துக்கொள்கிறார்கள். அகலப்பாதை மட்டுமே பார்த்த பிள்ளைகள்தான் "இவ்வளவு சின்னதா இருக்குமா" என்று கேட்பது.

திருப்பம் ஏமாற்று வேலையா?

(இங்கிருந்து முடிச்சு அவிழ்கிறது.) பிரவுன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் பெண் தாதாவின் மனைவி இல்லை, வேடம் போட்ட பெண் போலீஸ். நிஜ மனைவி, அதே வண்டியில் சின்னப் பையனோடு அமைதியாகப் பயணம் செய்யும் ஆன் சின்க்ளேர், நடித்தவர் ஜாக்குலின் ஒயிட்.

ஏமாற்று என்பவர்களின் வாதம், நம்மிடம் பொய் சொல்லிவிட்டார்கள் என்பது. உண்மையில் படம் பொய் சொல்லவில்லை. பிரவுனுக்கு என்ன தெரியுமோ அதை மட்டுமே நமக்குக் காட்டுகிறது, அவருக்கும் தெரியாது. இரண்டாம் முறை பார்க்கும்போது தடயங்கள் வரிசையாக நிற்கும். பணம் வாங்கிக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடச் சொல்லி அவள் பிரவுனைக் கிளறும் காட்சிகளை மறுபடி பாருங்கள்: உயிருக்குப் பயந்தவள் பேசும் பேச்சா அது, இல்லை ஆளை எடைபோடுகிறவள் பேச்சா? முதல்முறை திமிராகத் தெரிந்தது இரண்டாம்முறை விசாரணையாகத் தெரியும்.

ஆரம்பத்திலேயே இன்னொரு குறிப்பு. அவளை அழைத்துவரப் போகும் டாக்ஸியில், அந்தப் பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று பிரவுன் பார்க்காமலேயே முடிவு கட்டிவிடுகிறார். தாதா பெண்டாட்டி என்றால் மலிவான, பகட்டான, விஷமான ஒருத்தி. கதவு திறக்கிறது, அவர் சொன்ன அச்சில் வார்த்தபடி ஒருத்தி நிற்கிறாள். அவருடைய முன்முடிவுக்கே போலீஸ் துறை வேடம் போட்டு அனுப்பியிருக்கிறது. நாமும் அதே முடிவைத்தான் எடுத்தோம், கோபம் வந்தால் அதனால்தான் வரும்.

அவள் செத்த பிறகு யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே?

இந்தப் புகாருக்குப் பதில் இல்லை, புகார் சரி. கொலைகாரர்கள் அவளைச் சுடுகிறார்கள், பிறகுதான் அவள் போலீஸ் என்று அவர்களுக்கே தெரிகிறது. அதன்பின் கதை நிஜ மனைவியின் பக்கம் ஓடிவிடுகிறது. சொந்த சகாவுக்காக அவ்வளவு குமுறிய பிரவுன், தன்னைவிட பெரிய ஆபத்தைத் தெரிந்தே சுமந்த ஒரு போலீஸ்காரிக்காக நிற்பதில்லை. வேகமான படம், நேரம் இல்லை என்று சமாதானம் சொல்வார்கள். பின்னால் ஓர் அரை நிமிடம் ஒதுக்கியிருந்தால் வேகம் கெட்டிருக்காது. படத்தின் பெரிய குறை இதுதான். பின்திரை மங்கல், பையனின் துடுக்குப் பேச்சு என்று மற்றவர்கள் எடுக்கும் குறைகள் எல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஒரு விசித்திரமும் உண்டு. ஃபோர்ப்ஸ் சாகும் காட்சியில் அவள் கழுத்து முத்துமாலை அறுந்து, முத்துகள் மாடிப்படியில் ஒவ்வொன்றாகத் துள்ளி இறங்கும். கேமரா அவற்றோடே இறங்கி, கீழே நிழலில் ஒளிந்திருப்பவன் காலடியில் போய் நிற்கும். ஓர் ஆணின் சாவுக்கு இவ்வளவு கவனம் காட்டிய இயக்குநர்தான் அவள் சாவைத் தாண்டிப் போகிறார்.

கடைசியில் ஜன்னல் கண்ணாடியில் கொலைகாரனைப் பார்ப்பது நடக்கிற காரியமா?

நடக்கும். பிரவுன் இருப்பது ஒரு பக்கம், கொலைகாரனும் ஆன் சின்க்ளேரும் இருப்பது பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். பக்கத்துத் தண்டவாளத்து வண்டியின் ஜன்னலில் அந்த அறையின் பிம்பம் விழுகிறது. அதைப் பார்த்து, கதவு வழியாகவே சுடுகிறார்.

சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு முகத்துக்கு 4 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். இரண்டு முகத்துக்கும் சேர்த்து 8. குறைவுதான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருந்தால் அந்த 8 மட்டுமே கண்ணுக்கு வரும். ஆக வேண்டியவை மூன்று: ராத்திரி, இந்தப் பக்க அறையில் விளக்கு, அந்தப் பக்க வண்டியில் இருட்டு. மெயின் லைன் ஒற்றைப்பாதை என்பதால் சோதித்துப் பார்க்க நமக்கு வசதி. கிராஸிங்குக்காக ஆடுதுறையிலோ பாபநாசத்திலோ ராத்திரி வண்டி நிற்கும்போது, எதிர் வண்டியில் விளக்கணைத்த பெட்டி எதிரே வந்தால் அதன் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள், உங்கள் பெட்டியின் அடுத்த ஜன்னல் தெரியும். ஏசி பெட்டிக்கு இரட்டைக் கண்ணாடி, பிம்பமும் இரண்டாகத் தெரியும். எதிர்ப்பெட்டியில் விளக்கு எரிந்தால் எதுவும் தெரியாது.

குறி தவறாமல் சுடுவது வேறு விஷயம். பிம்பத்தில் இடவலம் மாறும். அதைச் சினிமா கணக்கில் விட்டுவிடலாம்.

1990-இல் வந்த புதுப்படம் பார்க்கலாமா?

ஜீன் ஹாக்மன், ஆன் ஆர்ச்சர் நடித்து பீட்டர் ஹையம்ஸ் இயக்கியது. கனடா மலைகளுக்கு நடுவே ஓடும் வண்டி, வண்ணம், கூரைமேல் சண்டை. ஹாக்மனுக்காகப் பார்க்கலாம். ஆனால் வெளியே போக வழி வைத்துவிட்டார்கள், பழைய படத்தின் மூச்சுமுட்டல் அதில் கிடையாது. இரண்டையும் பார்ப்பதானால் பழையதை முதலில்.

விருது ஏதாவது?

கதைக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆனது. மார்ட்டின் கோல்ட்ஸ்மித், ஜாக் லியனார்ட் எழுதிய மூலக்கதை. கிடைக்கவில்லை. திரைக்கதை ஏர்ல் ஃபெல்டன். இரண்டாம் படமாக ஓட எடுத்த ஒன்று அந்த வரிசைக்குள் போனதே அதிசயம்.

சப்டைட்டில் முதலில் சரியாக வந்து போகப் போகப் பிந்துகிறது. என்ன செய்வது?

படமும் சப்டைட்டிலும் வேறு வேறு வேகம். அமெரிக்கப் பிரதி நொடிக்கு 23.976 சட்டகம் (ஃப்ரேம்), 71 நிமிடம். ஐரோப்பிய டிவிடியிலிருந்து எடுத்த பிரதி நொடிக்கு 25 சட்டகம், 68 நிமிடத்தில் முடியும். 71 நிமிடத்துக்கு எழுதிய சப்டைட்டிலை 68 நிமிடப் படத்தோடு போட்டால் கடைசிக் காட்சியில் ஏறக்குறைய 2 நிமிடம் 55 நொடி பின்னால் வரும். அந்தத் திருப்பம் வரும் இடத்தில் திரையில் வேறு காட்சியின் பேச்சு ஓடும், படம் பாழ்.

விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளை அழுத்தி நகர்த்துவது இதற்குப் பயன்படாது. அது எல்லா வரிகளையும் ஒரே அளவு நகர்த்தும், அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி விலகும். 'சப்டைட்டில் எடிட்' போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, சட்டக வேகத்தை 23.976-இலிருந்து 25-க்கு மாற்றிச் சேமியுங்கள். பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் நடுவிலும் பொருந்தும். முதலே பொருந்தவில்லை என்றால் இப்போது ஜி, எச் போதும்.

தமிழில் நீங்களே எழுதுவதானால் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்க வேண்டும். இல்லையேல் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும். சில டிவிகளில் பென்டிரைவ் போட்டு ஓட்டினால் 'கொ', 'கே' எல்லாம் கொம்பு பிரிந்து தெரியும். அந்த டிவியில் அதற்கு மருந்து கிடையாது, எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்த கோப்பாக மாற்றிக்கொண்டு போவதுதான் வழி. இந்தப் படத்தில் பேச்சு படுவேகம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் யாராலும் படிக்க முடியாது. இரண்டு வரிக்கு மேல் போகாமல், குத்தலை மட்டும் காப்பாற்றி, மீதியை விட்டுவிடுங்கள்.

எந்தப் பிரதி நல்லது? பொது இடத்தில் காட்டலாமா?

வார்னர் வெளியிட்ட டிவிடி 2005-இல் வந்தது.  ப்ளூரே கிடைத்தால் அதுவே மேல். நிழலுக்குள் நிழல் தெரியவேண்டிய படம், இணையத்தில் சுற்றும் தேய்ந்த பிரதிகளில் நடைவழிக் காட்சிகள் வெறும் கரியாக இருக்கும். கடையில் வாங்கும் டிஸ்க் வீட்டில் பார்க்கத்தான், பொதுத்திரையிடலுக்கு உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் காவல்நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் எப்படியும் கூடாது.

படம் இரண்டு பக்கமும் கறுப்பாக, நடுவில் சின்னதாக வருகிறது. முழுத்திரையாக்கலாமா?

கூடவே கூடாது. உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலம், அதுதான் இந்தப் படத்தின் வடிவம். டிவியில் 'வைடு', 'ஃபுல்' என்று வைத்தால் எல்லாரும் 30 சதவீதம் பருத்துவிடுவார்கள், ஏற்கெனவே பருத்த மனிதர் நடைவழியில் நிற்கவே முடியாது. சோதனை சுலபம்: வண்டிச் சக்கரம் வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், வட்டமாக இருந்தால் சரி, கோழிமுட்டையாக இருந்தால் அமைப்பை மாற்றுங்கள்.

திரை 6 அடி உயரம் என்றால் படம் 8 அடி 3 அங்குலம் அகலம் வரும். திரையே 10 அடி 8 அங்குலம் இருந்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 15 அங்குலம் மிச்சம். அந்த மிச்சத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள், படம் உடனே பெரிதாகத் தோன்றும். டிவியில் 'மோஷன் ஸ்மூத்' வகை அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேமராவின் ஆட்டம் வழுக்கலாகி ரயில் படகாகிவிடும். கறுப்பு வெள்ளை நீலம் பாய்ந்து தெரிந்தால் வண்ணச் செறிவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த அளவுத் திரைக்கு 3000 லூமென் புரொஜெக்டர் தாராளம். இருட்டு நன்றாக இருந்தால் 'ஈகோ' நிலையில் வையுங்கள். வெளிச்சம் கூடக்கூடக் கறுப்பு சாம்பலாகும்.

மைக் செட் வைத்தோம், பேச்சே புரியவில்லை.

அடி ஓசையை (பேஸ்) ஏற்றிவிட்டிருப்பார்கள். திருவிழாப் பாட்டுக்கு அது பொருந்தும், இந்தப் படத்தில் சக்கரச் சத்தம் இடியாகி மெக்ராவின் கரகரப்பை முழுங்கிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். படம் ஒற்றை ஒலித்தடம், ஆகவே திரைக்குக் கீழே நடுவில் ஒரு பெட்டி போதும். கல்யாண மண்டபத்தின் இரண்டு மூலையில் இரண்டு பெட்டி வைத்தால் எதிரொலிதான் மிஞ்சும். உட்கார்ந்தவர் காது உயரத்துக்குப் பெட்டியை ஏற்றி, முன்வரிசைக்கு மேலாகப் பின்வரிசையை நோக்கி வையுங்கள். மண்டபத்து மின்விசிறிகளைப் பாதி அணைத்தாலே பேச்சு தெளியும்.

திறந்தவெளியில் போட எந்த மாதம் சரி?

சம்பா அறுவடை முடிந்து, மாசி, பங்குனி. ஆடியில் காற்று திரையைக் கிழிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை. மார்கழி, தையில் பனி இறங்கி லென்ஸ்மேல் படியும். எட்டரை மணிக்கு மேல் படம் புகைமூட்டமாகத் தெரிந்தால் கோளாறு புரொஜெக்டருக்குள் இல்லை, லென்ஸைத் துடையுங்கள். அறுத்த வயலுக்குப் பக்கத்தில் போடும்போது பூச்சி ஒளிக்கற்றையில் மொய்க்கும். புரொஜெக்டருக்குப் பின்னால் இருபதடி தள்ளி ஒரு குண்டு பல்பை எரியவிட்டால் பாதி அங்கே போகும்.

திரைக்குச் சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி, துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டவேண்டும். மேலே மட்டும் கட்டித் தொங்கவிட்டால் ரயில் ஆடுவதும் துணி ஆடுவதும் சேர்ந்து தலை சுற்றும். இந்த மாதங்களில் ஏழு மணிக்கு நல்ல இருட்டு. ஏழேகாலுக்குப் போட்டால் எட்டரை வாக்கில் முடிந்துவிடும், கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்.

கரண்ட் போனால்: புரொஜெக்டர் 300 வாட், ஒலிபெருக்கி 150, மடிக்கணினி 65, ஆக மொத்தம் 515 வாட். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள ஒரு வீட்டு இன்வெர்ட்டர், பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், இரண்டு மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரில் 'யூபிஎஸ்' நிலையைப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் மாறும் அந்தக் கணத்தில் புரொஜெக்டர் அணைந்துவிடும். சூடான விளக்கு ஆறித் திரும்ப எரியச் சில நிமிடம் பிடிக்கும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம். துப்பாக்கிச் சூடு, அடிதடி உண்டு, ரத்தம் காட்டுவதில்லை. அன்றைய ஹாலிவுட் தணிக்கை நெறி கடுமை, ஆபாசம் அறவே இல்லை. பெண்ணைப் பற்றிய குத்தல் பேச்சு நிறைய வரும். அதைப்பற்றிப் பிள்ளைகள் கேட்டால் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளை விட்டே ஆகவேண்டும் என்கிறார்கள்.

வேண்டாம். 71 நிமிடம் எல்லாராலும் உட்கார முடியும். கட்டாயம் என்றால், வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்று சக்கரச் சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள், ஓடும்போது நடுவில் வெட்டாதீர்கள். திரும்பப் போடும்போது அரை நிமிடம் பின்னால் போய்த் தொடங்குங்கள். டீயும் சுண்டலும் படம் முடிந்து கொடுத்தால், யாரும் உடனே கிளம்பாமல் நின்று சண்டை போடுவார்கள்.